கோவை ஜி. டி. நாயுடு

1862ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து ஈரோட்டின் வழியாக மேலைக் கடற்கரைக்கு இருப்புப்பாதை நீண்டது. ஆயினும் அதனாற் பெரும்பயன் அடைந்தோர் பாதையை அடுத்திருந்த ஊரினரே. ஏனைய ஊர்களுக்கு மாட்டு வண்டியே துணை. சந்தைக்குச் சென்ற உழவர் வீடு திரும்பப் பல நாள் ஆவதுண்டு. நோயாளிகள் பட்ட துன்பமோ சொல்லுந்தரமன்று. கொங்கு நாட்டின் இக்குறையைத் தீர்க்க முனைந்தோருள் தலைசிறந்தவர், ஜி. டி. நாயுடு என்று நாடறிந்த கோ. துரைசாமி நாயுடு ஆவார்.

அவர் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், வேளாண் குடியிற் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒன்றவில்லை. இளமையில் ஒருநாள், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அவர் கண்ணிற்பட்டது. மாடும் குதிரையும் இன்றி ஓடும் அவ்வூர்தியின்மீது அவருக்குத் தணியாத வேட்கை பிறந்தது. கோவையில் உணவு விடுதி ஒன்றிற் பணியாளராக அமர்ந்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஊர்தியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அவ்வொரு வண்டியே அவருக்குப் பொறியியற் பள்ளியாயிற்று. பின்னர்ப் பருத்தி வாணிகத்தில் ஈட்டிய பொருளைப் பம்பாயில் இழந்து திரும்பினார்.

1920ஆம் ஆண்டில், கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்சு என்பாரின் உதவியோடு பேருந்து ஒன்றை வாங்கினார். அந்நாளிற் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே இருப்புப்பாதை இல்லை. முருகனை வழிபடச் செல்வோரோ மிகப் பலர். அவ்வழியைத் தேர்ந்து, தாமே வண்டியை ஓட்டினார்.

இருக்கை நிரம்பினாலன்றி வண்டியை எடுக்காமை அக்காலத்து வழக்கம். காத்திருப்போரின் பொழுதை எவரும் ஒரு பொருளாக மதித்திலர். நாயுடு அதனை மதித்தார். பயணிகள் நிரம்பினும் நிரம்பாவிடினும் குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. இது கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. பொள்ளாச்சியில் ஒரு வண்டி அரைமணி தாழ்த்தால், அதை நம்பி அடுத்த ஊரில் வேறு வண்டிக்கு மாற வேண்டியவர் அன்றைய பயணத்தையே இழப்பர். ஆகவே வழியிற் பழுது நேராவண்ணம் ஊர்திகளை முன்னரே ஆராய வேண்டும். மாற்று வண்டியும் பணிமனையும் வேண்டும். ஓட்டுநரிடம் ஒழுங்கு வேண்டும். விரைவு என்பது பொறியின் வேகம் மட்டுமன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். யு. எம். எஸ். என்னும் அவரது நிறுவனம், 1933ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 பேருந்துகளை உடையதாக வளர்ந்தது.

1944இல் அத்தொழிலினின்று விலகிக் கல்விப் பணியில் ஈடுபட்டார். 1945இல், அந்நாளைய ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால், அவிநாசி சாலையில் தொழிற்கல்லூரி தோன்றத் துணைநின்றார். அதன் முதல்வராகவும் அமர்ந்தார். பொறியியலைக் குறுகிய காலத்தில் கற்பிக்கலாம் என்ற அவர் கருத்தை அரசு ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். அவர் கருத்து முற்றும் சரியெனக் கொள்ளுதல் அரிது. எனினும் இளைஞரின் ஆண்டுகள் வீணாகலாகாது என்ற கவலை அதில் இருந்தது.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவைக்கு 2023இல் வகுக்கப்பட்ட மெட்ரோ இரயில் திட்டத்தில் அவிநாசி சாலையும் ஒரு வழித்தடமாகக் கொள்ளப்பட்டது. அச்சாலையில் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் 2025இல் அவர் பெயரால் திறக்கப்பெற்றது. அதன்கீழ் நிற்கும் பேருந்து நிறுத்தமொன்று, கல்லூரி வேறிடம் பெயர்ந்த பின்னரும், ஹோப் காலேஜ் என்றே வழங்குகிறது.