மன்ஸ்பீல்ட் பிரபு

பிறர் பணம் நம் கையை வந்தடைகின்றது. நாம் அதனைக் களவாடவுமில்லை. தருவதாக எவருக்கும் வாக்களிக்கவுமில்லை. ஆயினும் அதனை வைத்துக்கொள்ளுதல் முறையாகுமோ? இவ்வினாவை ஆங்கில நீதிமன்றிலே துணிந்து ஆராய்ந்தவர் மன்ஸ்பீல்ட் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் மறே ஆவர்.

1705ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்திற் பிறந்த அன்னார், வெஸ்ட்மின்ஸ்டர் பாடசாலையிலும் ஒக்ஸ்போட்டிலும் பயின்று, 1730இல் நியாயதுரந்தரரானார். உரோமச் சட்டத்திலே மிக்க ஈடுபாடுடையவர். 1756இற் பிரதம நீதியரசராகி, 32 ஆண்டுகள் அப்பதவியை வகித்தார்.

1760இல் அவர்முன் வந்த வழக்கொன்று சிறுதொகை பற்றியதே. மோசஸ் என்பார், ஜேக்கப் என்பவர் தமக்கு எழுதிக்கொடுத்த 30 சிலிங் புறோநோட்டுகள் நான்கினை மக்பர்லன் என்பவருக்கு மாற்றிக் கையொப்பமிட்டனர். ஜேக்கப் பணஞ் செலுத்தாவிடினும் மோசஸைத் தொடர்வதில்லையென மக்பர்லன் எழுத்தில் உறுதியளித்திருந்தனர். பின்னர் அவ்வுறுதியைக் கைவிட்டுச் சிறுகடன்களை விசாரிக்கும் மன்றிலே மோசஸ்மீது வழக்கிட்டனர். உறுதிப்பத்திரத்தை அம்மன்று சான்றாக ஏற்கவில்லை. மோசஸ் 6 பவுண் செலுத்த நேர்ந்தது.

அப்பணத்தை மீளப்பெற மோசஸ் தொடுத்த வழக்கிலே பிரபு அவர் பக்கமே தீர்ப்பளித்தார். மக்பர்லனுக்கும் மோசஸுக்குமிடையே பணத்தைத் திருப்பித் தருவதாக உடன்படிக்கை எதுவுமில்லை. எனினும், பிறர் பணத்தை நியாயத்திற்கு மாறாக வைத்திருப்பவன், உடன்படிக்கை செய்தவனைப் போலவே அதனை மீளக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது அன்னார் கொள்கை. தவறுதலாகக் கொடுத்த பணம், பலவந்தத்தாற் பறித்த பணம் ஆகியனவும் இதனுள் அடங்கும். காலங்கடந்த கடனையோ சூதாட்டக் கடனையோ ஒருவன் தானாகத் தீர்த்தால் அது மீளாது என எல்லையும் வகுத்தார்.

ஒரு மன்று முடித்த வழக்கை மற்றொரு மன்று இவ்வாறு சுற்றிவளைத்து அவிழ்த்தல் தகுமோ என்பாருமுளர். அவர் கூற்றும் தள்ளற்பாலதன்று. 1797இற் பிறந்த தீர்ப்பொன்று அவ்வழியை அடைத்தேவிட்டது. கொள்கையோ மாளவில்லை. நியாயமற்ற ஆதாயத்தைத் தனிச் சட்டநெறியாக இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வெளிப்படையாக ஏற்றது 1991இலேயே. நம் நாட்டு உரோமன்-டச்சுச் சட்டத்திலோ, தவறாகச் செலுத்திய பணத்தை மீட்கும் வழக்கு உரோமர் வழியாக முன்னரே அமைந்திருந்தது.

1780இல் கோர்டன் கலகக்காரர் இலண்டனிலிருந்த பிரபுவின் இல்லத்தையும் நூலகத்தையும் எரியூட்டினர். வாழ்நாள் முழுதும் எழுதிய குறிப்புகளும் சாம்பராயின. அரசினரிடமிருந்து நட்டஈடு பெற அன்னார் இசையவில்லை. மறுவருடம் கோர்டன் பிரபுவின் வழக்கை விசாரித்தவரும் அவரே. யூரிமார் எதிரியை விடுவித்தனர். 1788இல் ஓய்வுபெற்ற மன்ஸ்பீல்ட் பிரபு 1793இற் காலமானார்.