அளவுகோல் செய்த அறிஞர் அல்பிரட் பினே

நுண்மதி ஈவு என்னுந் தொடரை ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில் மனனஞ் செய்தேன். நூறு நடுநிலை, ஏறினால் விவேகி, இறங்கினால் மந்தன். அந்த எண்ணை வகுத்தவர் பினே என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளியும் பெற்றேன். எழுதியது பிழை என்று அறிவதற்குப் பல்லாண்டு சென்றது. அவர் செய்தது வேறு. அவர் பெயரால் உலகம் செய்துகொண்டது வேறு.

பினே 1857ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி நீஸ் நகரிற் பிறந்தார். அந்நகர் அப்போது சார்டீனிய அரசின் ஆட்சியில் இருந்தது. 1860இலேயே பிரான்சுடன் சேர்ந்தது. தந்தையார் வைத்தியர், தாயார் ஓவியர். இருவரும் பிரிந்தமையால் தாயாரோடு பாரிஸ் நகரில் வளர்ந்தார். 1878இற் சட்டத்திற் பட்டம் பெற்றும் அத்தொழிலை நாடவில்லை. மருத்துவத்தைத் தொடங்கி இடையிற் கைவிட்டார். பின்னர்த் தேசிய நூலகத்தில் அமர்ந்து, ஆசான் ஒருவருமின்றித் தாமாகவே உளநூலைக் கற்றார். தாமே கற்றவருக்குத் துணிவு மிகும், தவறும் மிகும். இவருக்கு இரண்டும் வாய்த்தன.

சல்பெத்திரியேர் மருத்துவமனையிற் புகழ்பெற்ற சார்க்கோவின் கீழ்ப் பணிபுரிந்தபோது, அறிதுயிலில் ஆழ்ந்த நோயாளியின் ஒருபக்க முடக்கத்தைக் காந்தத்தால் மறுபக்கத்துக்கு மாற்றலாம் என்று தோழர் ஒருவரோடு கூடி எழுதினார். பெல்சிய அறிஞர் தெல்பேவ் நேரில் வந்து பார்த்தார். நோயாளியின் முன்னிலையிலேயே ஆய்வாளர் எல்லாவற்றையும் பேசிக்கொண்டனர். எதிர்பார்ப்பது எதுவோ அதுவே நிகழ்ந்தது. காந்தத்தின் வேலை அன்று, பேச்சின் வேலை. பினே முதலில் வாதாடினார். ஈற்றிலே தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சோதிப்பவன் தான் காண விரும்புவதையே காண்பான் என்னும் பாடம் அதன்பின் அவரை விட்டு நீங்கவில்லை.

1884இல் இலோர் பல்பியானி அம்மையாரை மணந்தார். மதலேன், அலிஸ் என்னும் புதல்வியர் இருவரே அவருடைய முதற் பாடசாலை என்பேன். நடை பழகும் பருவத்தில் மூத்தவள் பிடிமானம் உண்டா என்று பார்த்தே அடி வைப்பாள். இளையவளோ சிரித்துக்கொண்டு தள்ளாடி நடுவிடத்துக்கே ஓடுவாள். ஒரே வீட்டில் இரு வேறு மதிப்போக்கு. ஒரே எண்ணில் அவ்விருவரையும் எவ்வாறு அடக்குவது?

1891இற் சோர்போன் ஆய்வுகூடத்தில் ஊதியமின்றிச் சேர்ந்து, 1894இல் அதன் தலைவரானார். பிரான்சிற் பேராசிரியர் பதவி மட்டும் இறுதிவரை கிட்டவில்லை. தலையின் அளவு கொண்டு அறிவை அளக்கலாம் என்பது அக்காலத்தார் துணிபு. அவரும் கருவி கொண்டு மாணவர் தலைகளை அளந்தார். கெட்டிக்காரருக்கும் பின்தங்கியோருக்கும் இடையே கண்ட வேறுபாடு மிகச் சிறிது; அச்சிறு வேறுபாட்டையும் தம் கையே விரும்பி உண்டாக்கிற்றோ என ஐயுற்று அவ்வழியை விட்டார். (இவரே பின்னாளில் அச்சமூட்டும் நாடகங்களும் எழுதி மேடையேற்றினார் என்பது பலர் அறியாதது.)

1882இற் பிரான்சிற் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபின், எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்கு வந்தனர். பின்தங்கியோரை என் செய்வது என்ற வினாவும் கூடவே வந்தது. 1904இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. ஆசிரியர் தமக்குத் தொல்லை தரும் பிள்ளையை மந்தன் என்று தள்ளிவிடக்கூடும் என்று பினே அஞ்சினார். ஆதலால், மருத்துவர் தியொடோர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட அளவுகோலை ஆக்கினார். எரியும் தீக்குச்சியைக் கண் தொடர்கிறதா? சொக்கலேற்றையும் மரத்துண்டையும் பிரித்தறியுமா? கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லுமா? இத்தகைய எளிய செயல்களே அவை. 1908இல் வயதுவாரியாக அவற்றை ஒழுங்குபடுத்தினார். மூன்று வயதுப் பிள்ளை மூக்கையும் கண்ணையும் வாயையும் சுட்டிக் காட்டவேண்டும் என்பது போல அது அமைந்தது. தனிப் பிள்ளையின் நிலையை அறிந்து உதவி செய்தற்கு அது கருவி. கோல் கொண்டு நீளம் அளத்தல் போன்றதன்று என்பதை அவரே தெளிவுறுத்தினார். பிரசல்சில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அச்சோதனையிற் பெரிதும் முந்தினர் என்ற செய்தி வந்தபோது, குடும்பச் சூழலின் பங்கை மறைக்காது ஏற்றுக்கொண்டார்.

அறிவு பிறவியிலேயே வரையறுக்கப்பட்டது என்போரை 1909இல் வெளிவந்த தம் நூலிற் கடிந்தார். பின்தங்கியோர் வகுப்பில் அசையாது சிலைபோல் நிற்றல், நீர் நிறைந்த கிண்ணத்தைச் சிந்தாது ஏந்தி வருதல் முதலிய பயிற்சிகளால் முதலிற் கவனத்தைப் பழக்கச் செய்தார். சோம்பேறி என்று வையுமுன் பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும் என்பதும் அந்நூலிற் கண்ட கருத்து.

அவ்விடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆசிரியத் தொழிலின் முதலாண்டில், கரும்பலகையிலிருந்து ஒரு வரியும் பிழையின்றி எழுதாத சிறுவன் ஒருவனை மந்தன் என்று கடைசி வாங்கில் இருத்தியவன் நான். மறுவருடம் அவன் மூக்குக்கண்ணாடி அணிந்து வந்தான். முதல் வாங்கிற்கு அவனை அழைத்தபோது, தயங்கித் தயங்கியே வந்தான்.

பினே 1911 ஒற்றோபர் 18இல் ஐம்பத்துநான்காம் வயதிற் காலமானார். அடுத்த ஆண்டே யேர்மனியரான இசுரேண் என்பார் மனவயதை உடல்வயதாற் பிரித்து ஈவு கண்டார். 1916இல் அமெரிக்கரான தேர்மன் அதை நூறால் பெருக்கி நிலைநாட்டினார். முதலாம் உலகப்போரிற் பதினேழு இலட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர் கூட்டங் கூட்டமாகச் சோதிக்கப்பட்டனர். ஆங்கிலம் அறியாத குடியேறிகளையும் அவ்வெண்ணே மதியிலிகள் ஆக்கிற்று. பிள்ளைக்கு உதவி தேடச் செய்த கோல், பிள்ளையை வகைப்படுத்தும் முத்திரையாயிற்று. ஆயினும் ஆசிரியரின் வெறுப்பாலும் ஊகத்தாலும் தள்ளப்படவிருந்த பிள்ளைகள் எத்தனையோ பேரை அச்சோதனை காத்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

சிமோன் 1961 வரை வாழ்ந்தார். தாமும் நண்பரும் செய்த அளவுகோலிலிருந்து ஓர் ஈவைப் பிழிந்தெடுத்தது அதன் நோக்கத்துக்கே இழைத்த துரோகம் என்று முதுமையிலும் அவர் சொல்லி வந்தார்.