பெயரில்லாச் சிறுமியும் கமரன் அம்மையாரும்

கோல்புறூக் – கமரன் என்னும் பெயர்களை மனனஞ் செய்யாது இலங்கை வரலாற்றுப் பாடத்தைக் கடந்த மாணவர் அரியர். 1833ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய அவ்விருவருள் நீதித்துறையை ஆராய்ந்தவர் சார்ள்ஸ் ஹே கமரன். அவர்தம் மனைவியாரை நம்மிற் பலர் அறியார். ஆயினும் மேனாட்டுக் கலையுலகிற் கணவர் பெயரினும் மனைவியின் பெயரே ஓங்கி நிற்கின்றது. ஒளிப்படத்தைக் கலையாக உயர்த்திய முன்னோடிகளுள் ஒருவரான யூலியா மார்கரெற் கமரன் அம்மையார் நமது மலைநாட்டு மண்ணிலேயே துயில்கின்றார்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பனியின் உயர் உத்தியோகத்தர். தாயார் பிரெஞ்சுக் குடிவழியினர். 1836இல் நன்னம்பிக்கை முனைப் பகுதியிற் கமரனையும், வானநூற் பேரறிஞர் ஜோன் ஹேர்ஷலையும் சந்தித்தார். 1838இற் கமரனை மணந்தார். பத்தாண்டுகளின் பின் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860 முதல் வைற் தீவிற் கவிஞர் தெனிசனின் அயலவராக வாழ்ந்தனர்.

1863இல் மகளும் மருமகனும் ஒளிப்படக் கருவியொன்றைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சியிருக்கும் பருவத்திற் புதியதொரு கலையை அவர் கற்கத் தொடங்கினார். கோழிக்கூடு படப்பிடிப்பு அறையாயிற்று; நிலக்கரி வைக்கும் கொட்டில் இருட்டறையாயிற்று. கண்ணாடித் தட்டிற் பூசிய மருந்து உலருமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டிய காலம் அது. எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். 1867இல் ஹேர்ஷலையும், 1868இல் டார்வினையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் அவ்வறிஞர்களின் திருமுகங்களாக உலகின் நெஞ்சில் நிற்கின்றன.

அம்மையாரின் படத்திற்கென ஓர் அமைப்பு உண்டு. முகம் சட்டத்தை நிறைத்து நிற்கும். பின்னணி இருளில் மறையும். ஒளி ஒரு புறத்திலிருந்து விழும். கோடுகள் கூர்மை குன்றி மென்மையாயிருக்கும். பிள்ளைகளை எடுக்கும்போது தோளிற் பறவைச் சிறகுகளைப் பொருத்தித் தேவதூதராக்கினார். ஏழைப் பிள்ளைக்கும் செல்வப் பிள்ளைக்கும் அவ்விருளில் வேற்றுமை தோன்றாது. மேரி றயன் என்பாள் அயர்லாந்து இரவலப் பெண்ணொருத்தியின் மகள். அவளைத் தம் இல்லத்திற் சேர்த்துக் கல்வி தந்தார், பணிப்பெண்ணாக்கினார், பல படங்களில் நாயகியுமாக்கினார். கண்காட்சியொன்றில் அப்படங்களோடு அவளையும் கண்டு காதல் கொண்ட ஹென்றி கொற்றன் 1867இல் அவளை மணந்தார். 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக விளங்கியவர் அவரே. ஒரு படம் ஓர் ஏழைச் சிறுமியின் தலையெழுத்தை மாற்றியது எனினும் மிகையாகாது.

கமரன் குடும்பத்தின் செல்வம் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இருந்தது. 1869இல் எங்கள் லுணுகலைக்கு அணித்தேயுள்ள மடூல்சீமையில் முதன்முதற் காணப்பெற்ற கோப்பி இலைநோய், நாளடைவில் நாட்டின் கோப்பி முழுவதையும் அழித்தது. கடன் சுமையும், புதல்வர் இங்கிருந்தமையும், முதுமையுற்ற கணவரின் இலங்கைப் பற்றும் சேர்ந்து 1875இற் குடும்பத்தை இந்நாட்டுக்கு அழைத்து வந்தன. தமக்கெனச் சவப்பெட்டிகள் இரண்டையும் உடன் கொண்டுவந்தனர் என்பர்.

களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்த நாளில் எளிய மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அம்மையார் படமெடுத்தார். எஞ்சியவை முப்பதிற்கும் குறைவே. 1878இல் எடுத்த ஒரு படத்திற் களுத்துறைக் குடியானவர் சிலர் சேர்ந்து நிற்கின்றனர். அவர்களுள் ஒரு முதியவர், ஒரு சிறுமி. சிறுமிக்கு வயது 12 என்றும், தாமே அவள் தந்தை எனக் கூறும் முதியவர் தமக்கு வயது நூறு என்கிறார் என்றும் அம்மையார் குறித்துள்ளார். பெயர் குறிக்கப்படவில்லை. இப்படத்தை வகுப்பிற் காட்டியபோது மாணவி ஒருத்தி முதலிற் கேட்டது அப்பிள்ளையின் பெயரையே. விடை கூற இயலாது நின்றேன். டார்வினுக்குப் பெயருண்டு, இரவலப் பெண்ணின் மகளுக்கும் பெயருண்டு, நம் சிறுமிக்கு வயது மட்டுமே உண்டு.

அதனால் அம்மையார் அன்பிலர் என்பது என் கருத்தன்று. நம்மவரை இழிவாகவன்றி அழகுடையோராகவே அவர் கண்டார். தொழிலாளி ஒருவரின் முதுகழகை வியந்து, தோட்டமே இல்லாத வீட்டிற்குத் தோட்டக்காரராக அவரை அமர்த்தச் செய்தார் என, அங்கு விருந்தினராயிருந்த ஓவியர் மரியான் நோர்த் எழுதிவைத்துள்ளார். ஆயின் முதுகைக் கண்ட கண் அது சுமந்த மூட்டையைக் காணவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று. தோட்டங்களை நாடி நம் முன்னோர் கடல் கடந்து வந்த காலம் அது. அச்செய்தி எதுவும் அப்படங்களில் இல்லை.

இங்கே பிறிதொருவரை நினைத்தல் தகும். லூயிஸ் ஹைன் என்னும் அமெரிக்கர் நம்மைப் போல் ஒரு பள்ளியாசிரியர். 1908 முதல் குழந்தைத் தொழிலை எதிர்க்கும் தேசியக் குழுவுக்காக நூலாலைகளிலும் சுரங்கங்களிலும் படமெடுத்தார். அவர் பிள்ளையைத் தனியே பிரித்தெடுக்கவில்லை. நெடிய நூற்பொறியின் வரிசையோரம் சிறுமியை நிறுத்தினார். பொறியின் பெருமையும் பிள்ளையின் சிறுமையும் ஒருங்கே தோன்றின. கருவியைப் பிள்ளையின் கண்மட்டத்திற்கு இறக்கினார். இயன்றவிடத்துப் பெயர், வயது, உயரம், வேலை ஆகியவற்றைக் குறித்தார். தம் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு உயரத்தை மறைவாக அளந்தார். குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 1938இல் நிலைபெற்றதற்கு அப்படங்களும் துணைநின்றன. அவரோ 1940இல் வறுமையில் மறைந்தார்.

கமரன் அம்மையார் 1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் திக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ண் தோட்டத்தில் உயிர்நீத்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பெற்றார். மறு ஆண்டு கணவரும் அவரருகே துயிலலானார்.

இக்காலத்தும் எங்கள் மலைகளுக்குப் படமெடுப்போர் வருகின்றனர். பசுந்தேயிலையின் நடுவே ஒரு பிள்ளையின் சிரிப்பு; படம் அழகாகவே அமைகின்றது. லயன் அறையும், பள்ளிக்கு நடக்கும் வழியும் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. முகத்தின் பெருமையை அம்மையாரிடம் கற்போம். முகத்தைச் சூழ்ந்ததையும் காட்டும் நேர்மையை ஹைனிடம் கற்போம். படமெடுப்பவர் கருவியை மூடுமுன் அப்பிள்ளையின் பெயரையும் கேட்பாராக. என் மாணவி கேட்டதும் அதுவே.