முடங்கிய கைக்கு உயிர் கொடுத்தவர்

மர ஆலையில் மரம் அறுக்கும் தொழிலாளி ஆனாலும் சரி, ஸ்ரீ விஜயபுரம் ஆபீசில் பேனா பிடிக்கும் குமாஸ்தா ஆனாலும் சரி, கைதான் மூலதனம். அந்தக் கை முடங்கிப்போன ஏழைகளுக்குக் கை கொடுத்தவர், டாக்டர் பால் பிராண்ட்.

கொல்லிமலைப் பிள்ளை

ஆங்கிலேயப் பாதிரியாரின் மகனாக 1914-ம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தார். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ல் தந்தை மலையிலேயே காய்ச்சலில் இறந்தார்.

மகன் முதலில் கற்றது தச்சு வேலையும் கொத்து வேலையும்தான்! பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

எலி கடித்த விரல்

செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். விரல் மடங்கிய ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். பிடி இரும்பாக இருந்தது! விரல் முடங்கினாலும் முன்கைத் தசை சாகவில்லை என்பது புரிந்தது.

தொழுநோயால் விரல் அழுகி விழுகிறது என்று நம்பிய காலம் அது. உண்மை வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. கை மரத்துவிடுகிறது. அடுப்பு சுட்டாலும் தெரியாது. தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாது. அந்தக் காயம் புண்ணாகித்தான் விரல் குறைகிறது. இதைக் கண்டறிந்த பிராண்ட், எலியை விரட்ட நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்!

1948-ல் ஆபரேஷனைத் தொடங்கினார். முன்கையில் கெடாமல் இருந்த தசையின் நாரை விரல்களுக்குத் திருப்பிப் பொருத்தினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

பிச்சையும் போயிற்று

கை நிமிர்ந்தது, பிழைப்பு நிமிரவில்லை. தொழுநோய் கண்டவருக்கு வேலை தர ஆள் இல்லை. முடங்கிய கையைக் கண்டு இரங்கிப் போட்ட பிச்சையும் நின்றது.

பிராண்ட் சோர்ந்துவிடவில்லை. வேலூரில் நவஜீவ நிலையம் தோன்றியது. நோயாளிகள் தச்சு வேலை பழகி, மர பொம்மைகள் செய்தார்கள். மரத்த கையில் புண் வராதபடி கருவிகளின் பிடிகள் மாற்றப்பட்டன. இளமையில் கற்ற தொழில் இங்கே டாக்டருக்குக் கைகொடுத்தது.

1966-ல் அமெரிக்கா சென்று அங்கும் தொழுநோயாளிகளுக்கே உழைத்தார். 2003-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, 88 வயதில் காலமானார்.

செயற்கைக் கையைக் காசு கொடுத்து வாங்கலாம். சொந்தக் கையின் உணர்ச்சியை வாங்க முடியாது. உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் மறைக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம். நோய் குணமாகும். ஆரம்பத்திலேயே போனால் கையும் பிழைக்கும்!