எண்ணிலே வாழும் ஏந்தல் அவகாட்ரோ



வேதியியல் தேர்வில் வினாத்தாள் கைக்கு வந்ததும் நம் கண்கள் முதலில் தேடுவது கணக்குகளைத்தான். 36 கிராம் நீரில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்று ஒரு வினா இருக்கும். அதைக் கண்டதும் சிலர் முகம் மலரும்; சிலர் முகம் வாடும். விடை எழுதத் தேவையானவை இரண்டே செய்திகள். நீரின் மூலக்கூறு எடை 18 என்பது ஒன்று. அவகாட்ரோ எண் 6.022 × 10²³ என்பது மற்றொன்று. 36-ஐ 18-ஆல் வகுத்தால் 2. அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 12.044 × 10²³. இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் கணக்கு இது.

ஆனால், நாம் இரண்டு நிமிடங்களில் முடிக்கும் இந்தக் கணக்கிற்கு வழி கண்ட மனிதர், அதை உலகம் ஏற்பதைக் காணாமலே கண்மூடினார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? எண்ணாக மட்டுமே நாம் அறிந்திருக்கும் அவகாட்ரோவை ஒரு மனிதராக இங்கே சந்திப்போம்.

இத்தாலி நாட்டின் வடபகுதியில் தூரின் என்னும் நகரம் உண்டு. அங்கே 1776-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் அமேதியோ அவகாட்ரோ பிறந்தார். பிரபுக் குடும்பம், தந்தை பிலிப்போ நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். தலைமுறை தலைமுறையாகச் சட்டம் பயின்ற அக்குடும்பத்தில், மகனும் சட்டமே பயில வேண்டும் என்பது எழுதாத விதி. சிறுவனும் மறுப்புச் சொல்லவில்லை. பதினாறு வயதில் சட்டத்தில் இளநிலைப் பட்டம். இருபது வயதில், 1796-இல், திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம்! பெற்றோர் மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

வழக்கறிஞராகத் தொழில் நடத்திய அந்த இளைஞரின் உள்ளமோ வேறோரிடத்தில் இருந்தது. 1800-ஆம் ஆண்டு முதல் அவர் கணிதத்தையும் இயற்பியலையும் தாமாகவே படிக்கத் தொடங்கினார். பகலில் சட்டப் புத்தகங்கள். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அறிவியல் ஏடுகள். தம் சகோதரர் பெலிச்சேயுடன் சேர்ந்து மின்சாரம் பற்றி ஆராய்ந்து 1803-இல் ஒரு கட்டுரை அளித்தார். அடுத்த ஆண்டே தூரின் அறிவியல் கழகம் அவரை உறுப்பினர் வரிசையில் சேர்த்துக்கொண்டது. 1809-இல் வெர்செல்லி நகரக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். நம் ஊர்களைப் போலவே நெல் வயல்கள் சூழ்ந்த ஊர் அது. அங்கே அமைதியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான், ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களையெல்லாம் திகைக்கவைத்த ஒரு புதிருக்கு விடை கண்டார்.

அந்தப் புதிர் என்ன? சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்; அடுத்த தேர்வுக்கும் உதவும்.

இங்கிலாந்தில் ஜான் டால்டன் என்னும் அறிஞர், எல்லாப் பொருள்களும் பிளக்க முடியாத அணுக்களால் ஆனவை என்று கூறியிருந்தார். பிரான்சில் கே-லுசாக் என்னும் அறிஞர், வாயுக்கள் எளிய கன அளவு விகிதங்களில் சேர்கின்றன என்று 1808-இல் காட்டினார். இரண்டு லிட்டர் ஹைட்ரஜனும் ஒரு லிட்டர் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் இரண்டு லிட்டர் நீராவி கிடைக்கும். இருவர் கூற்றும் தனித்தனியே நன்றாகத்தான் இருந்தன. ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் சிக்கல் முளைத்தது.

ஒவ்வொரு லிட்டரிலும் 100 துகள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 200 ஹைட்ரஜன் துகள்களும் 100 ஆக்ஸிஜன் துகள்களும் சேர்ந்து 200 நீராவித் துகள்கள் உண்டாக வேண்டும். ஒவ்வொரு நீராவித் துகளிலும் ஆக்ஸிஜன் இருந்தாக வேண்டுமே! 100 ஆக்ஸிஜன் துகள்களை 200 பேருக்குப் பங்கிடுவது எப்படி? ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தால்தான் முடியும். அணுவைப் பிளக்க முடியாது என்றவர் டால்டன். ஆகவே, சம கன அளவில் சம எண்ணிக்கைத் துகள்கள் இருக்கும் என்ற எண்ணத்தையே அவர் ஒதுக்கிவிட்டார்.

அவகாட்ரோ அமைதியாகச் சிந்தித்தார். பிளவது அணுவாக ஏன் இருக்க வேண்டும்? ஆக்ஸிஜன் வாயுவின் ஒவ்வொரு துகளும் இரண்டு அணுக்கள் கைகோத்த இணையாக இருந்தால்? அப்போது 100 துகள்களில் 200 அணுக்கள். ஒவ்வொரு நீராவித் துகளுக்கும் ஓர் ஆக்ஸிஜன் அணு சரியாகக் கிடைக்கும். அவ்வாறே 200 ஹைட்ரஜன் துகள்களில் 400 அணுக்கள். ஒவ்வொரு நீராவித் துகளுக்கும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். கணக்குச் சரியாகிவிட்டது! எந்த அணுவும் பிளவுபடவில்லை. பிரிந்தது இணை மட்டுமே. அந்த இணையைத்தான் இன்று நாம் மூலக்கூறு என்கிறோம்.

ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள சம கன அளவு வாயுக்கள் எல்லாவற்றிலும் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் உள்ளன என்பதே அவர் கண்ட உண்மை. இதை விளக்கி அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை 1811-இல் பாரிஸ் நகர அறிவியல் இதழொன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பத்தைந்து.

இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. எண்ணிப் பார்க்க முடியாத மூலக்கூறுகளைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் வழி பிறந்தது. சம கன அளவு ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் தனித்தனியே எடுத்து எடை போட்டால் போதும். இரண்டிலும் எண்ணிக்கை சமம் ஆதலால், எடைகளின் விகிதமே மூலக்கூறுகளின் விகிதம். அக்காலத்து அளவீடுகளைக் கொண்டு, ஆக்ஸிஜன் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூறைவிட ஏறத்தாழ 15 மடங்கு கனமானது என்று அவர் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த விடை 16. அன்றைய கருவிகளை எண்ணிப் பார்த்தால், எத்தனை நெருங்கிய விடை!

இவ்வளவு தெளிவான விடைக்கு உலகம் மாலை சூட்டியிருக்கும் என்று எண்ணுகிறீர்களா? இல்லை. டால்டன் ஏற்கவில்லை. சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பெர்சீலியஸ், எதிர் மின்னேற்றமுள்ள அணுக்களே ஒன்றையொன்று ஈர்க்கும் என்று நம்பியவர். ஒரே இன அணுக்கள் இரண்டு இணைந்திருக்கும் என்பதை அவரால் ஒப்ப முடியவில்லை. 1814-இல் பிரான்சின் ஆம்பியர் ஏறக்குறைய இதே கருத்தைத் தாமும் வெளியிட்டார், அதுவும் நிலைபெறவில்லை. அவகாட்ரோவோ பெரிய ஆய்வுக்கூடங்களிலிருந்து தொலைவில் வாழ்ந்தவர்; பேரறிஞர்களின் வட்டத்தில் பழகாதவர்; தம்மைத் தாமே விளம்பரப்படுத்திக்கொள்ளத் தெரியாதவர். அவரது கட்டுரை ஏடுகளுக்கிடையே உறங்கிப்போயிற்று.

வாழ்விலும் சோதனை வந்தது. 1820-இல் தூரின் பல்கலைக்கழகத்தில் அவருக்கெனவே கணித இயற்பியல் துறை ஒன்று தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள்! நாட்டில் எழுந்த அரசியல் கொந்தளிப்பின் விளைவாக 1822-இல் அந்தப் பதவி அவர் கையைவிட்டுப் போயிற்று. மனைவி பெலிசித்தாவும் பிள்ளைகளும் நிறைந்த குடும்பம் அவருடையது. வேறொருவராயின் மனமுடைந்து போயிருப்பார். அவகாட்ரோவோ படிப்பை நிறுத்தவில்லை, எழுதுவதையும் நிறுத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1834-இல், அதே பதவி மீண்டும் அவரைத் தேடி வந்தது. 1837 முதல் 1841 வரை நான்கு பெருந்தொகுதிகளாக இயற்பியல் நூல் ஒன்றை வெளியிட்டார். 1850-இல் ஓய்வு பெற்றார். 1856-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், எண்பது வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், தூரின் நகரிலேயே இறந்தார். அவர் கண்ட உண்மை அப்போதும் உறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த உண்மையைப் புறக்கணித்ததற்கு வேதியியல் உலகம் கொடுத்த விலை என்ன தெரியுமா? பெருங்குழப்பம்! நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்ஸிஜன் உள்ளது. நீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றுதான் என்று கொண்டால் ஆக்ஸிஜனின் அணு எடை 8. இரண்டு என்று கொண்டால் 16. ஒரு கல்லூரியில் 8 என்று கற்பித்தனர். வேறொரு கல்லூரியில் 16 என்று கற்பித்தனர். கார்பனுக்கு ஒருவர் 6 என்றார். மற்றவர் 12 என்றார். வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்திற்கு மட்டும் பத்தொன்பது விதமான வாய்பாடுகள் வழங்கியதை ஜெர்மானிய அறிஞர் கெக்குலே தம் நூலில் வரிசையாக எடுத்துக்காட்டினார். நாம் அக்காலத்தில் தேர்வு எழுதியிருந்தால் எந்த விடைக்கு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்!

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் அறிஞர்கள் கூடினர். நூற்றுக்கு மேற்பட்டோர் வந்திருந்தனர். அங்கே எழுந்து நின்றார் ஓர் இத்தாலியர். அவர் பெயர் கன்னிசாரோ; ஜெனோவா நகரில் வேதியியல் ஆசிரியர். தொடக்க நிலை மாணவர்களுக்குக் குழப்பமின்றிப் பாடம் நடத்துவது எப்படி என்று சிந்தித்துச் சிந்தித்து, அவகாட்ரோவின் பழைய கருத்தே சரியான வழி என்று கண்டுகொண்டவர் அவர். அந்தப் பாடத் திட்டத்தை 1858-இலேயே சிறு நூலாக எழுதியிருந்தார். கூட்டம் முடிவு காணாமலே கலைந்தது. ஆனால் கலையும் நேரத்தில் அந்தச் சிறு நூல் வந்திருந்தோர் கையில் கொடுக்கப்பட்டது.

லோதர் மேயர் என்னும் இளைஞர் அதை ஊருக்கு எடுத்துச் சென்று திரும்பத் திரும்பப் படித்துத் தெளிந்தார். ரஷ்யாவிலிருந்து வந்திருந்த மெண்டலீவ் என்னும் மற்றோர் இளைஞரின் உள்ளத்திலும் கன்னிசாரோவின் வாதம் ஆழப் பதிந்தது. சரியான அணு எடைகள் கிடைத்தபின் 1869-இல் அவர் தனிம வரிசை அட்டவணையை வகுத்தார். நம் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் அந்த அட்டவணைக்குப் பின்னாலும் அவகாட்ரோ நிற்கிறார்.

இங்கே ஒரு வியப்பான செய்தி. அவகாட்ரோ எண்ணை அவகாட்ரோ கணக்கிடவே இல்லை! எண்ணிக்கை சமம் என்பதைத்தான் அவர் சொன்னார்; எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. 1865-இல் லோஷ்மிட் என்னும் ஆஸ்திரிய ஆசிரியர் மூலக்கூறின் பருமனை முதன்முதலில் மதிப்பிட்டார். 1909-இல் பிரான்சின் ழான் பெரின், ஒரு கிராம் மூலக்கூறு எடையில் அடங்கிய மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். 2019-ஆம் ஆண்டு மே 20 முதல், மோல் என்னும் அலகே 6.02214076 × 10²³ என்ற எண்ணைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.

இந்த எண் எவ்வளவு பெரியது? 18 கிராம் நீர் என்பது ஒரு பெரிய கரண்டி அளவே. அதிலுள்ள மூலக்கூறுகளை நொடிக்கு ஒன்றாக எண்ணினால், எண்ணி முடிக்க ஏறத்தாழ 190 கோடி கோடி ஆண்டுகள் ஆகும்!

தோழியரே, இனி உங்களுக்கு ஒரு சிறு தேர்வு. 0 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் 22.4 லிட்டர் ஹைட்ரஜனின் எடை 2 கிராம். அதே அளவு ஆக்ஸிஜனின் எடை 32 கிராம். அப்படியானால் 11.2 லிட்டர் கார்பன் டை ஆக்சைடின் எடை என்ன? கார்பனின் அணு எடை 12. ஆக்ஸிஜனின் அணு எடை 16. விடையைப் பார்க்காமல் முதலில் போட்டுப் பாருங்கள். மூலக்கூறு எடை 12 + 32 = 44. அதுதான் 22.4 லிட்டரின் எடை. அதில் பாதிக்கு 22 கிராம். விடை சரியா? மகிழ்ச்சி! தவறா? வருந்த வேண்டாம். டால்டனும் பெர்சீலியஸும் தவறிய இடம் இது.

விடையை மனப்பாடம் செய்பவர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார். ஏன் என்று கேட்டு வழியைக் கண்டவருக்கோ அது வாழ்நாள் செல்வம். அவகாட்ரோ சரியான வழியைக் கண்டார். தம் காலத்தில் மதிப்பெண் பெறவில்லை. அதற்காகக் கசப்படையவும் இல்லை, கற்பதையும் கற்பிப்பதையும் கைவிடவும் இல்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, மாணவர் நலம் நாடிய ஓர் ஆசிரியரின் கையால் அவர் விடைத்தாள் திருத்தப்பட்டது.

அடுத்த முறை வினாத்தாளில் அந்தப் பெரிய எண்ணைக் காணும்போது அஞ்ச வேண்டாம். வெர்செல்லியின் வயல்களுக்கு நடுவே தனியே அமர்ந்து சிந்தித்த அந்த ஆசிரியரை ஒரு கணம் நினைத்துக்கொண்டு, அமைதியாக எழுதத் தொடங்குங்கள்.