அறிவியலறிஞர் ஹால்டேன்

தலசீமியா என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் இரத்தக் குறைபாடு. இது கடுமையாக உள்ள குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை பிறரது இரத்தத்தை ஏற்ற வேண்டும். இத்தகைய கொடிய குறைபாடு மறைந்துவிடாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது ஏன்? இக்கேள்விக்கு விடை காண வழிகாட்டியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை சுரங்கங்களில் தேங்கும் நச்சுக்காற்றை ஆராய்ந்தவர். அவர் தம் மகனையும் சிறுவயதிலேயே சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றார். ஹால்டேன் பல்கலைக்கழகத்தில் பயின்றவை கணிதமும் கிரேக்க, லத்தீன் இலக்கியமுமே. அறிவியலில் அவர் பட்டம் பெற்றதில்லை. ஆயினும், ஆராய்ச்சிக்காகத் தம் உடலையே பணயம் வைக்க அவர் தயங்கவில்லை. 1939ஆம் ஆண்டு தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் உயிரிழந்தனர். அதன் காரணத்தை அறிய, அவர் மூடிய அறைக்குள் தாமே அமர்ந்து மூச்சுத்திணறலைத் தாங்கிக்கொண்டார்.

தலசீமியா மரபணு மத்தியதரைக்கடல் பகுதி மக்களிடையே மிகுதியாகக் காணப்பட்டது. அதே பகுதியில் மலேரியாவும் பரவியிருந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இம்மரபணுவைப் பெறும் குழந்தை நோயுறுகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெறுபவரோ நலமாக வாழ்கிறார். அவரை மலேரியாவும் எளிதில் வீழ்த்துவதில்லை. இதனால்தான் இம்மரபணு அழியாமல் நிலைத்திருக்கிறது என்னும் கருத்தை ஹால்டேன் 1948ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் மாநாட்டில் முன்வைத்தார். 1954ஆம் ஆண்டு, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் மற்றொரு குறைபாட்டை ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த ஆண்டனி அலிசன், இத்தகைய பாதுகாப்பு உண்மையே எனக் காட்டினார்.

மரபணுவைக் காரணம் காட்டி மனிதர்களை உயர்ந்தவர், தாழ்ந்தவர் எனப் பிரிப்பதை ஹால்டேன் எதிர்த்தார். 1957ஆம் ஆண்டு இந்தியாவில் குடியேறிய அவர், கொல்கத்தாவிலும் பின்னர் புவனேஸ்வரத்திலும் பணியாற்றினார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் மறைந்தார். அவரது விருப்பப்படி, அவருடைய உடல் காக்கிநாடாவிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது.

கேலாங்கில் தென்னந்தோப்புகள் நிறைந்திருந்த காலத்தில் சிங்கப்பூரிலும் மலேரியா பல உயிர்களைக் குடித்தது. 1982ஆம் ஆண்டு நம் நாடு மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. நோய் நீங்கினாலும், மரபணு நீங்கவில்லை. ஆகவே, 1992ஆம் ஆண்டு தேசியத் தலசீமியாப் பதிவகம் தொடங்கப்பட்டது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. ஒரே வகைத் தலசீமியா மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால், அவர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. மணமக்கள் இதனை இரத்தப் பரிசோதனையின் மூலம் முன்கூட்டியே அறியலாம். பரிசோதனை திருமணத்தைத் தடுப்பதற்கன்று. பிறக்கப்போகும் குழந்தையின் நலனை எண்ணி, மருத்துவரின் ஆலோசனையுடன் தெளிவாக முடிவெடுப்பதற்கே.