ஜான் வேர்

ஜான் வேர் (ஏறத்தாழ 1845 - செப்டம்பர் 11, 1905) கனடாவின் மேற்குப் பகுதியில், இன்றைய ஆல்பர்ட்டா மாகாணத்தில் வாழ்ந்த புகழ்பெற்ற மாட்டுப் பண்ணையாளர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின அடிமையாகப் பிறந்த இவர், 1882ஆம் ஆண்டில் கூலிக்கு மந்தை ஓட்டும் கௌபாயாகக் கனடாவுக்கு வந்தார். பின்னர்ச் சொந்தச் சூட்டுக்குறியும், சொந்த மந்தையும், சொந்தப் பண்ணையும் உடையவராக உயர்ந்தார். குதிரைகளைப் பழக்குவதிலும் மாடுகளைப் பேணுவதிலும் இவர் பெற்றிருந்த தேர்ச்சி அவர் காலத்திலேயே அப்பகுதி முழுவதும் அறியப்பட்டிருந்தது. இவருடைய உடல் வலிமை பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. ஆயினும், ஓர் அடிமை சட்டப்படி பெற்றிருக்க முடியாத இரண்டை, அதாவது உடைமையையும் குடும்பத்தையும், தம் பெயரில் நிலைநிறுத்தியதே இவருடைய வாழ்வின் முதன்மையான சாதனை எனலாம்.

பிறப்பும் இளமையும்

ஜான் வேரின் பிறப்பு குறித்த ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. தென் கரோலினாவில் பிறந்தவர் என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்தது. பிறந்த ஆண்டும் 1845 முதல் 1850 வரை பலவாறாகக் குறிப்பிடப்படுகிறது. அடிமைகளின் பிறப்பு முறையாகப் பதிவு செய்யப்படாததே இந்தக் குழப்பத்துக்குக் காரணமாகும். அக்காலத்துத் தென் மாநிலங்களில் அடிமைகள் உரிமையாளரின் உடைமையாகக் கருதப்பட்டனர். சொத்துப் பட்டியல்களில் குதிரை, மாடு ஆகியவற்றுடன் அவர்களும் விலை மதிப்பிட்டு எழுதப்பட்டனர். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து விற்பதற்கும் தடை இருக்கவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற வேர் டெக்சாசில் மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்து கௌபாய் தொழிலைக் கற்றார். கௌபாய் என்பவர் குதிரை மீதிருந்தபடி பெரிய மந்தைகளை மேய்த்து, நெடுந்தொலைவு ஓட்டிச் செல்லும் தொழிலாளர் ஆவார். திரைப்படங்கள் கௌபாய்களைப் பெரும்பாலும் வெள்ளையராகவே காட்டின. உண்மையில் அத்தொழிலில் கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் கணிசமான அளவில் இருந்தனர். டெக்சாசிலிருந்து வடக்கே மொன்டானா வரை மந்தைகளை ஓட்டிச் சென்ற குழுக்களில் வேரும் பணியாற்றினார்.

கனடாவுக்கு வருகை

1881ஆம் ஆண்டின் இறுதியில் கனடிய அரசு மேற்குச் சமவெளிப் புல்நிலங்களைக் குத்தகைக்கு விடும் ஆணையை வெளியிட்டது. ஒருவரோ ஒரு நிறுவனமோ 1,00,000 ஏக்கர் வரை, 21 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஒரு சென்ட் வாடகையில் பெற முடிந்தது. இதனால் கிழக்குக் கனடாவையும் பிரித்தானியாவையும் சேர்ந்த செல்வந்தர்கள் பெரும் பண்ணைகளைத் தொடங்கினர். அங்கு மாடுகள் போதிய அளவில் இல்லாமையால் அவை ஐக்கிய அமெரிக்காவிலிருந்து ஓட்டி வரப்பட்டன.

அவ்வாறு தொடங்கப்பட்ட பண்ணைகளுள் ஒன்று, பின்னர் பார் யூ பண்ணை என்று பெயர் பெற்ற வடமேற்குக் கால்நடை நிறுவனம் ஆகும். மான்ட்ரியால் நகரின் ஆலன் குடும்பத்தினர் இதற்கு முதலீடு செய்தனர். பிரெட் ஸ்டிம்சன் இதன் மேலாளராக இருந்தார். 1882இல் இந்நிறுவனத்துக்காக ஐடகோவிலிருந்து ஏறத்தாழ 3,000 மாடுகளை ஓட்டிவரும் பொறுப்பை டாம் லிஞ்ச் என்பவர் ஏற்றார். அவர் அமர்த்திய குழுவில் வேரும் சேர்ந்தார்.

தொடக்கத்தில் வேருக்குக் கிழட்டுக் குதிரையும் பழைய சேணமும் தரப்பட்டு, எளிய வேலைகளே கொடுக்கப்பட்டன என்று சொல்லப்படுகிறது. நல்ல சேணமும் முரட்டுக் குதிரையும் தருமாறு அவர் கேட்டதாகவும், வேடிக்கை பார்க்க விரும்பியவர்கள் அடங்காத குதிரை ஒன்றைக் கொடுக்க, அதை அவர் அடக்கிக் காட்டியதாகவும் கதை தொடர்கிறது. இது பிற்காலத்தில் எழுதப்பட்ட செவிவழிச் செய்தியாகும். மந்தை ஹை ரிவர் பகுதியை அடைந்தபின் வேர் பார் யூ பண்ணையிலேயே வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்டார் என்பது உறுதியான செய்தியாகும்.

பண்ணைகளில் பணி

அக்காலத்து மேய்ச்சல் நிலத்தில் வேலிகள் இல்லை. பல உரிமையாளர்களின் மாடுகள் கலந்தே மேய்ந்தன. ஆண்டுதோறும் கௌபாய்கள் ஒன்றுகூடி மந்தைகளைத் திரட்டினர். எந்தத் தாய்ப்பசுவைக் கன்று தொடர்கிறதோ, அப்பசுவின் உரிமையாளருடைய குறியே கன்றுக்கும் சூடாக இடப்பட்டது. மாடுகள் குளிர்காலம் முழுவதும் வெளியிலேயே இருந்தன. மேற்கு மலைகளிலிருந்து வீசும் சினூக் என்னும் வெப்பக் காற்று பனியை உருக்கினால் புல் கிடைக்கும். அது வீசத் தவறினால் மாடுகள் பட்டினியால் மடியும். ஆகவே ஒரு பண்ணையின் இலாபமும் இழப்பும், புயலிலும் மந்தையை விட்டு அகலாத தொழிலாளர்களையே சார்ந்திருந்தன.

வேர் அத்தகைய தொழிலாளராக விளங்கினார். 1880களின் நடுப்பகுதியில் ஷீப் ஆற்றங்கரையில் இருந்த குவோர்ன் பண்ணைக்கு மாறினார். பிரித்தானிய முதலீட்டாளர்களின் அப்பண்ணையில் மாடுகளுடன் உயர்வகைக் குதிரைகளும் வளர்க்கப்பட்டன. அங்குக் குதிரைகளைப் பேணும் பொறுப்பு வேரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1885ஆம் ஆண்டிலேயே மக்லியோட் நகரின் செய்தித்தாள் இவருடைய நற்குணத்தையும் மாடுகளைப் பற்றிய கூரறிவையும் பாராட்டி எழுதியது. கறுப்பினத்தவர் மிகச் சிலரே வாழ்ந்த ஒரு பகுதியில், ஒரு கூலித் தொழிலாளருக்கு இத்தகைய பாராட்டு கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

சொந்தச் சூட்டுக்குறி

1885இல் வேர் தம் பெயரில் சூட்டுக்குறி ஒன்றைப் பதிவு செய்தார். நான்கு ஒன்பதுகளை வரிசையாகக் கொண்ட இக்குறி (9999), ஒன்பது என்னும் எண்ணின் வளைந்த வடிவம் கைத்தடியை ஒத்திருந்ததால் கைத்தடிக் குறி என்றும் அழைக்கப்பட்டது. 1898இல் இது மூன்று ஒன்பதுகளாக (999) குறைக்கப்பட்டது.

மேய்ச்சல் நிலச் சமூகத்தில் சூட்டுக்குறி என்பது வெறும் அடையாளம் அன்று. அரசுப் பதிவேட்டில் ஏறிய குறியே ஒருவரின் உடைமைக்குச் சட்டச் சான்றாகும். ஒரு காலத்தில் கால்நடைகளோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒருவர், கால்நடைகளுக்குத் தாமே உரிமையாளராகப் பதிவு பெற்றார். கூலியில் சேமித்த பணத்தைக் கொண்டு சிறிது சிறிதாக மாடுகளைச் சேர்த்த வேர், 1890ஆம் ஆண்டளவில் கால்கரி நகருக்குத் தென்மேற்கே, ராக்கி மலையடிவாரத்தில், ஷீப் ஆற்றின் அருகே சொந்தப் பண்ணையை அமைத்தார்.

குடும்ப வாழ்க்கை

1892 பெப்ரவரி 29 அன்று வேர், கால்கரியில் மில்ட்ரெட் ஜேன் லூயிஸ் என்பவரை மணந்தார். மில்ட்ரெட்டின் குடும்பம் டொராண்டோவிலிருந்து கால்கரிக்குக் குடிபெயர்ந்தது. அவருடைய தந்தை டானியல் லூயிஸ் மரவேலைக் கலைஞர். மில்ட்ரெட் கணவரைவிட ஏறத்தாழ இருபத்தைந்து வயது இளையவர். நகரத்தில் வளர்ந்து கல்வி கற்ற அவர், அண்டை வீடுகள் தொலைவில் இருந்த மலையடிவாரப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். வேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று கூறப்படுகிறது. ஆதலால் பண்ணையின் எழுத்து வேலைகளை மில்ட்ரெட் கவனித்துக்கொண்டார்.

இவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர். மூத்த மகள் அமண்டா ஜேனட் (நெட்டி) 1893இல் பிறந்தார். அடுத்து ராபர்ட், இரட்டையரான வில்லியம், மில்ட்ரெட், பின்னர் ஆர்தர், டானியல் ஆகியோர் பிறந்தனர். கடைசி மகன் டானியல் சிறு வயதிலேயே இறந்தான். 1896ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தில் ஜான், மில்ட்ரெட், நெட்டி, ராபர்ட் ஆகிய நால்வரும் நல்லாடை அணிந்து காணப்படுகின்றனர். வேரைப் பற்றிய நூல்களில் மிகுதியாக எடுத்தாளப்படும் படம் இதுவே. மந்தை ஓட்டுபவராக அன்றி, குடும்பத் தலைவராகவே இவர் இப்படத்தில் தோன்றுகிறார்.

ரெட் டியர் ஆற்றங்கரை

1900களின் தொடக்கத்தில் மலையடிவாரத்தில் குடியேற்றம் பெருகியது. உழவர்கள் நிலம் பெற்று வேலியிட்டதால் திறந்த மேய்ச்சல் நிலம் சுருங்கியது. வேர் தம் நிலத்தை விற்று, குடும்பத்தையும் மந்தையையும் கிழக்கே புரூக்ஸ் ஊருக்கு வடகிழக்கில், ரெட் டியர் ஆற்றுப் பகுதிக்குக் கொண்டு சென்றார். மழை குறைந்த அப்பகுதியில் உழவு பரவவில்லை. ஆகையால் மேய்ச்சலுக்குப் பரந்த நிலம் கிடைத்தது.

அங்குக் கட்டிய முதல் வீட்டை 1902ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. வேர் மேட்டு நிலத்தில் மீண்டும் ஒரு மரவீட்டைக் கட்டினார். அந்த இடத்திலிருந்து கடைக்கும் மருத்துவருக்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. வீட்டில் நோயுற்றவருக்கு மருந்து வாங்கக் கால்கரி வரை தொடருந்தில் சென்ற வேர், திரும்பும்போது பனிப்புயலில் குதிரை செல்ல மறுத்ததால் புரூக்சிலிருந்து நடந்தே வீடு வந்தார் என்னும் செய்தி இவரது வாழ்க்கை வரலாற்றில் இடம்பெறுகிறது.

மறைவு

1905ஆம் ஆண்டு இக்குடும்பத்துக்குப் பேரிழப்பாக அமைந்தது. அவ்வாண்டின் இளவேனிற் காலத்தில் மில்ட்ரெட் குடற்காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் கண்டு இறந்தார். பிள்ளைகள் தாய்வழிப் பாட்டி தாத்தாவின் பொறுப்பில் விடப்பட்டனர். மூத்த மகன் ராபர்ட் மட்டும் கோடையில் தந்தையுடன் பண்ணையில் இருந்தான்.

செப்டம்பர் 1 அன்று ஆல்பர்ட்டா தனி மாகாணமாயிற்று. அதற்குப் பத்து நாட்களுக்குப் பின், செப்டம்பர் 11 அன்று, வேர் மாடுகளைப் பிரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது அவரது குதிரையின் கால், பேட்ஜர் என்னும் விலங்கு தோண்டிய வளையில் சிக்கியது. குதிரை இடறி அவர் மீது விழுந்தது. வேர் அங்கேயே உயிரிழந்தார். எந்தக் குதிரையும் தள்ள முடியாதவர் என்று பெயர் பெற்றிருந்த அவர், புல்வெளியின் ஒரு சிறு குழியால் மாண்டது மக்களைப் பெரிதும் வருந்தச் செய்தது.

கால்கரியில் நடைபெற்ற இறுதிச் சடங்கில் மேய்ச்சல் நிலப் பகுதி முழுவதிலுமிருந்து பண்ணையாளர்கள் திரளாகக் கலந்துகொண்டனர். அவரது உடல் கால்கரி யூனியன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

சில மாத இடைவெளியில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளை லூயிஸ் குடும்பத்தினரே வளர்த்தனர். அவர்கள் பின்னர் புளேர்மோர் என்னும் ஊரில் வாழ்ந்தனர். நெட்டி 1989 வரை வாழ்ந்தார். வேர் இறந்த மறு ஆண்டு, 1906-07 குளிர்காலத்தில், கடும் பனியால் ஆல்பர்ட்டாவின் மந்தைகள் பேரளவில் அழிந்தன. அதனுடன் திறந்த மேய்ச்சல் முறையும் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

கதைகளும் வரலாறும்

வேர் தனி ஆளாகக் குதிரையைத் தூக்கினார், மாடுகளின் முதுகின் மேல் நடந்தே பட்டியைக் கடந்தார் என்பன போன்ற கதைகள் பல. இவற்றை 1960இல் வெளியான தம் நூலில் கிராண்ட் மெக்யூவன் தொகுத்து எழுதினார். மெக்யூவன் பின்னர் கால்கரி நகரத் தந்தையாகவும் ஆல்பர்ட்டாவின் துணைநிலை ஆளுநராகவும் இருந்தவர். அந்நூல் வேரைப் பரவலாக அறியச் செய்தது. எனினும் அதில் வரலாறும் கற்பனையும் கலந்துள்ளன என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஓடும் மாட்டைக் கொம்பைப் பிடித்து வீழ்த்தும் விளையாட்டை இவரே தொடங்கினார் என்று கனடாவில் கூறுவர். ஆனால் அச்சிறப்பு பொதுவாக டெக்சாசைச் சேர்ந்த மற்றொரு கறுப்பினக் கௌபாயான பில் பிக்கெட்டுக்கே அளிக்கப்படுகிறது. 2020இல் செரில் போகோ இயக்கிய ஆவணப்படம், கதைகளுக்கு அப்பால் உள்ள மனிதரைத் தேட முயன்றது.

வேருக்குக் கிடைத்த மதிப்பைக் கொண்டு அக்காலத்தில் இனப்பாகுபாடு இல்லை என முடிவு செய்ய இயலாது. இவரைப் பற்றிய நட்பான செய்திகளிலும் இவருடைய பெயருக்கு முன் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் ஒட்டப்பட்டிருந்தது. நகர்ப்புறங்களில் இவர் புறக்கணிப்புக்கு உள்ளானார். இவர் இறந்த சில ஆண்டுகளில் ஓக்லகோமாவிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் ஆல்பர்ட்டாவுக்கு வரத் தொடங்கியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1911இல் கறுப்பினத்தவர் குடியேற்றத்தை ஓராண்டுக்குத் தடை செய்யும் ஆணைக்குக் கனடிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது நடைமுறைக்கு வராமலே நீக்கப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

ஆல்பர்ட்டாவில் ஒரு மலைமுகடு, ஒரு மலை, ஓர் ஓடை ஆகியவை வேரின் பெயரைத் தாங்கியுள்ளன. மலைமுகட்டின் பெயரில் இருந்த இழிசொல் 1970ஆம் ஆண்டளவில் நீக்கப்பட்டு, அது ஜான் வேர் முகடு எனப் பெயர் மாற்றப்பட்டது. கால்கரியில் ஒரு பள்ளிக்கும் இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2012இல் கனடா அஞ்சல் துறை இவரது உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. இவர் பணியாற்றிய பார் யூ பண்ணை தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணப்படுகிறது.

வெள்ளத்துக்குப் பின் ரெட் டியர் ஆற்றங்கரையில் வேர் கட்டிய மரவீடு 1958இல் பிரித்தெடுக்கப்பட்டு, டைனோசர் மாகாணப் பூங்காவில் மீண்டும் நிறுவப்பட்டது. தொல்லுயிர் எச்சங்களுக்காக உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட அப்பூங்காவில் இன்றும் அவ்வீட்டைக் காணலாம்.